அனர்த்த காலத்தில் தகவலும் வரைபடமும்: சம்மாந்துறையை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

அனர்த்தம் நிகழ்ந்தவிடத்து உணவு, உடை, உறையுள், மருந்து ஆகியன உடனடித் தேவைகளாக அமைகின்றன என்பதை யாவரும் அறிவர். இவற்றுக்கும் முன்னதாகத் தேவைப்படுவது தகவல் என்பது பெரும்பாலும் கவனத்திற் கொள்ளப்படுவதில்லை. எங்கே எத்தனை பேர் தங்கியுள்ளனர், எப்பாதை திறந்துள்ளது, எந்த நிறுவனம் எதனை எங்கு கொண்டு செல்கின்றது என்பன தெரியாதவிடத்து, நிவாரணப் பொருள் ஓரிடத்திற் குவிந்து கிடக்க, அயலிலுள்ள மற்றோரிடம் பசித்திருக்க நேரிடுகின்றது. பொருளின் பற்றாக்குறையால் மாத்திரமன்றி, அறிவின் பற்றாக்குறையாலும் மக்கள் துன்புறுகின்றனர்.

அனர்த்த காலத்தில் அரச திணைக்களங்களும் சர்வதேச நிறுவனங்களும் உள்ளூர் அமைப்புகளும் தம்மிடையே தகவலையும் வரைபடத்தையும் பகிர்ந்துகொள்ளும் முறைமை யாது, அம்முறைமை எவ்விடத்தில் தடைப்படுகின்றது என்பதனை அம்பாறைக் கரையோரத்தின் அனுபவத்தைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. நாம் வலியுறுத்த விழைவது ஒன்றே. ஊரிலிருந்து திரட்டப்படும் தகவல் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்குச் செல்வதனால் மட்டும் பகிர்வு நிறைவுபெறுவதில்லை. அது அவ்வூரின் மொழியிலும் அவ்வூரவர் அறிந்த பெயர்களிலும் அவ்வூருக்கே திரும்பி வரும்போதுதான் பகிர்வு என்னும் சொல்லுக்குத் தகுதி பெறுகின்றது.

1. களம்

சம்மாந்துறை கடலிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உள்ளே, வயல்வெளிகளின் நடுவே அமைந்த பழைமையான முஸ்லிம் ஊர். சம்பான்கள் வந்தடைந்த துறையாதலின் இப்பெயர் ஏற்பட்டது என்பது ஊர் வழக்கு. இன்று அது துறையன்று; கல்லோயாத் திட்டத்தின் நீரால் விளையும் நெல்வயல்களின் ஊர். இதற்குக் கிழக்கே, கடலோரமாக, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் மொழி பேசும் முஸ்லிம், தமிழ் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிரலாக அமைந்துள்ளன. கடலுக்கும் வயலுக்கும் இடையில் அகப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் இவ்வூர்களின் மக்கள் மிக நெருக்கமாக வாழ்கின்றனர். தெற்கே அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என இந்நிரல் தொடர்கின்றது.

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961 இல் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் நிருவாகத் தலைமையிடம் கரையோரத்தில் இல்லை. அது உள்நாட்டில், சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் அம்பாறை நகரில் உள்ளது. கரையோரத்தவர் கச்சேரிக்குச் செல்வதென்பது தூரத்தைக் கடப்பது மாத்திரமன்று. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கடப்பதுமாகும். 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; 1988 இன் 16 ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கின் நிருவாக மொழியாகத் தமிழை ஏற்றது. எனினும் சட்டத்தில் உள்ள மொழியும் கோப்பில் உள்ள மொழியும் ஒன்றாக அமையவில்லை என்பது இக்கரையோர மக்களின் நெடுநாளைய முறைப்பாடு. தமிழில் இயங்கும் தனிக் கரையோர மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. அனர்த்த காலத் தகவலைப் பற்றிப் பேசும்போது இப்பின்னணியை மறந்துவிடலாகாது.

2. 2004 டிசெம்பர் 26

சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் ஏற்பட்டது. அதன் அதிர்வுகள் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையத்தைச் சில நிமிடங்களில் வந்தடைந்தன. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏறத்தாழ 15 நிமிடங்களுள் முதல் அறிக்கையை வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்பதே அதன் சாரம். இந்து சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்புவதற்கான ஏற்பாடு அப்போது இருக்கவில்லை. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய இரண்டு மணித்தியாலம் வரை எடுத்தது.

இந்த இடைவேளையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். உலகின் சில கருவிகள் அறிந்திருந்தன. கல்முனைக் கரையில் நின்றவர் எவரும் அறிந்திருக்கவில்லை. அறிவு இருந்தது, அது செல்லும் வழி இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையின் மாவட்டங்களுள் மிகக்கூடிய உயிரிழப்பு இங்கேயே நிகழ்ந்தது. அம்மக்களுக்கும் அவ்விரு மணித்தியாலத்திற்கும் இடையில் இருந்தது தகவல் பகிர்வின்மையே.

கடற்கோளின் பின்னர் இக்குறையை நீக்கும் முயற்சிகள் தொடங்கின. 2005 இன் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை முறைமை 2011 இல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்களைக் கொண்டு முழு இயக்கம் பெற்றது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, கிழக்குக் கரை மக்கள் எச்சரிக்கை பெற்று உள்நாட்டை நோக்கி நகர்ந்தனர். வழி அமைக்கப்பட்டால் தகவல் செல்லும் என்பதற்கு இது சான்று.

3. நிறுவனங்கள் தகவலைத் திரட்டிய முறை

அலை வடிந்த பின்னர் எழுந்தது வேறொரு சிக்கல். குறுகிய காலத்துள் பெருந்தொகையான அரசசார்பற்ற நிறுவனங்கள் நாட்டினுள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனக் கணக்கெடுத்தது. ஒவ்வொன்றும் தனக்கென வரைபடம் வரைந்தது. ஒரே முகாமுக்கு ஒரே வாரத்தில் பலர் சென்று ஒரே வினாக்களைக் கேட்கும் நிலையில், மக்கள் விடை கூறிக் களைப்படைவரேயன்றி அதனால் விளையும் பயன் சிறிதே.

இதனைச் சீர்செய்ய எடுக்கப்பட்ட முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. முதலாவது, கொழும்பில் அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்துக்காக இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகத் திரண்டு உருவாக்கிய 'சஹன' என்னும் மென்பொருள். சிங்களத்தில் இச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் இணைப்பது இதன் நோக்கம். லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த இது எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. பின்னர் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் இது பயன்பட்டது. நம் நாட்டின் துயரத்திலிருந்து பிறந்த ஓர் அறிவுக் கருவி உலகின் பொதுச் சொத்தாயிற்று என்பதில் நாம் நியாயமான பெருமிதம் கொள்ளலாம்.

இரண்டாவது, ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்களை ஒருங்கிணைக்கும் அலுவலகத்தின் துணையுடன் 2005 இன் தொடக்கத்தில் அமைந்த மனிதாபிமானத் தகவல் நிலையம். 1999 இல் கொசோவோவில் கையாளப்பட்ட முறையின் தொடர்ச்சி இது. 'யார், எதனை, எங்கு' என்னும் மூன்று வினாக்களைக் கொண்ட அட்டவணையே இதன் அடிப்படை. ஒவ்வொரு நிறுவனமும் தான் யார், வீடு கட்டுகின்றதா, கிணறு துப்புரவு செய்கின்றதா, எந்தப் பிரதேசத்தில் செய்கின்றது என்பதைத் தெரிவிக்கும். நிலையம் இவற்றைத் தொகுத்து வரைபடத்தில் இடும். எட்டு நிறுவனங்கள் குவிந்துள்ள பிரதேசமும் எவரும் செல்லாத பிரதேசமும் ஒரே பார்வையிற் புலப்படும். அட்டவணையின் நூறு வரிகளை வாசித்து உணரவேண்டியதை, வரைபடத்தின் வெற்றிடம் ஒரு கணத்தில் உணர்த்திவிடும்.

இம்முறையின் எளிமையே அதன் வலிமை. ஆயினும் இதன் வெற்றி மூன்று அடித்தளங்களில் தங்கியுள்ளது. நிறுவனங்கள் உண்மையைத் தெரிவிக்கவேண்டும். இடங்களின் பெயர்கள் ஒருமைப்பாடு உடையனவாக இருக்கவேண்டும். அடிப்படை வரைபடம் நிலத்தோடு பொருந்தவேண்டும். அம்பாறைக் கரையோரத்தில் இம்மூன்றும் ஆட்டங்கண்டன.

முதலாவதின் காரணம் வெளிப்படையானது. நிறுவனம் ஒவ்வொன்றும் கணக்குக் காட்டவேண்டியது தனக்குப் பணம் தந்தோருக்கே. அயல் நிறுவனத்துக்கன்று, பயனடையும் மக்களுக்குமன்று. ஆகவே 'செய்யவுள்ளோம்' என்பது 'செய்கின்றோம்' எனப் பதிவாவதற்கும், ஓரூரைத் தனதென முன்கூட்டியே குறித்துக்கொள்வதற்கும் இடமேற்படுகின்றது. தகவல் ஒரு சொத்தாகும்போது அதனைப் பகிர்தல் இழப்பாகத் தோன்றுவது இயல்பே. ஏனைய இரண்டையும் தனித்து நோக்குவோம்.

4. பெயரும் எல்லையும்

கணினிக்குப் பெயர் என்பது எழுத்துகளின் வரிசையே. சாய்ந்தமருது என்னும் ஊரை ஆங்கிலத்தில் மூவர் மூவிதமாக எழுதினால், கணினி அதனை மூன்று ஊர்களாகக் கொள்ளும். ஒரு முகாம் மூன்று முகாமாகும். மறுதலையாக, ஒரே பெயர் பல இடங்களுக்கு வழங்குமிடத்துப் பல இடங்கள் ஒன்றாகிவிடும். காரைதீவு அம்பாறையிலும் உண்டு, புத்தளத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைநகரின் பழம்பெயரும் அதுவே. நுரைச்சோலை அக்கரைப்பற்றிலும் உண்டு, புத்தளத்திலும் உண்டு. ஊரவர் ஒருபோதும் மயங்காத இப்பெயர்களில் தொலைவிலிருந்து அட்டவணை தயாரிப்போர் மயங்குவர்.

இதனைத் தவிர்ப்பதற்கே இடக்குறியீட்டு முறை வகுக்கப்பட்டுள்ளது. மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என ஒவ்வொன்றுக்கும் நிரலே எண் வழங்கி, பெயர் எவ்வாறு எழுதப்படினும் எண் மாறாதிருக்கச் செய்வதே அம்முறை. வங்கிக் கணக்குக்கு எண் உள்ளவாறு ஊருக்கும் எண் உண்டு எனக் கொள்ளலாம். எல்லா நிறுவனங்களும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால், ஒருவர் திரட்டிய மக்கட்தொகையும் மற்றொருவர் திரட்டிய கிணறுகளின் தொகையும் தாமாகவே இணையும்.

ஆனால் எண் வழங்குவதற்கு எல்லை தெளிவாயிருத்தல் வேண்டும். கல்முனையில் அதுவே சிக்கல். கடற்கோள் பற்றிய அரச புள்ளிவிபரங்களில் கல்முனை முஸ்லிம் பிரிவு, கல்முனைத் தமிழ்ப் பிரிவு, சாய்ந்தமருது என மூன்று தனித்தனிப் பகுதிகள் காணப்படுகின்றன. முதலிரண்டும் ஆற்றினாலோ வீதியினாலோ தெளிவுறப் பிரிக்கப்பட்ட இரு நிலப்பரப்புகள் அல்ல. ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடப்பன. அண்மையண்மையாக வாழும் இரு குடும்பங்கள் இரு செயலகங்களுக்கு உரியனவாதல் இங்கு கூடும். நிலத்தைப் பிரித்து வண்ணந்தீட்டும் வரைபடக் கலை, மனிதரைப் பிரித்த நிருவாகத்தின் முன் செயலற்றுப்போகின்றது. இவ்வெல்லைப் பிணக்கு அரசியற் பிணக்கு. எந்த மென்பொருளும் அதனைத் தீர்க்காது. வரைபடத்தில் ஒரு கோட்டை இழுப்பவர் தாம் அறியாமலேயே அப்பிணக்கில் ஒரு பக்கம் சார்ந்துவிடுவர்.

மக்கட்தொகைக் கணக்கிலும் இத்தகைய இடைவெளி இருந்தது. 2001 இன் குடிசன மதிப்பு அம்பாறையில் முழுமையாக நடைபெற்றது. போரின் காரணமாக அயலிலுள்ள மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களில் அவ்வாறு நடைபெறவில்லை. அங்கு முழுமையான கடைசிக் கணக்கு 1981 இனுடையது. ஆகவே ஒரே அலை தாக்கிய ஒரே கரையில், பெரியநீலாவணைக்குத் தெற்கே ஒருவகைக் கணக்கும் வடக்கே 23 ஆண்டுகள் பழைய கணக்குமாக இரு அளவுகோல்கள் இருந்தன.

5. கடல் தீண்டாத ஊரின் நிலை

இவ்விடத்துச் சம்மாந்துறையின் அனுபவம் தனிக் கவனத்துக்கு உரியது. கடல் அவ்வூரைத் தீண்டவில்லை. ஆனால் கரையோரத்திலிருந்து உயிர்தப்பிய மக்கள் வயல்களைக் கடந்து ஓடிவந்தது மேற்கே உள்ள இத்தகைய ஊர்களுக்கே. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் உறவினர் இல்லங்களும் அவர்களுக்குத் தஞ்சமளித்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்துசேர்வதற்கு முன்னைய முதல் நாட்களில் சமைத்த உணவும் மாற்றுடையும் வழங்கியோர் அயலூர் மக்களே.

இத்தகைய ஊரை வரைபடத்தில் எவ்வாறு குறிப்பது? அழிவை அளக்கும் வரைபடம் அலை சென்ற எல்லையோடு நின்றுவிடும். அதற்கு அப்பாலுள்ளது 'பாதிக்கப்படாத பகுதி' ஆகிவிடும். கல்முனையைச் சேர்ந்த ஒரு குடும்பம் சம்மாந்துறையில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பின், அது எப்பிரதேசத்தின் பட்டியலில் இடம்பெறவேண்டும்? இருந்த ஊரின் கிராம உத்தியோகத்தரிடம் அதன் பதிவு உள்ளது. தங்கியுள்ள ஊரின் உத்தியோகத்தரிடம் அதன் பசி உள்ளது. இரு அலுவலகங்களும் தம் பட்டியல்களை ஒப்பிட்டாலன்றி, அக்குடும்பம் இரு தடவை எண்ணப்படும், அல்லது ஒரு தடவையேனும் எண்ணப்படாது. முகாமில் உள்ளோர் கண்ணுக்குப் புலப்படுவர். உறவினர் வீட்டில் உள்ளோர் புலப்படார். ஏற்று உபசரித்த குடும்பத்தின் நெல்லும் கிணறும் குறைந்தமையை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

அரசியல் உடன்படிக்கையிலும் இதே போக்கைக் காண்கின்றோம். 2005 ஜூன் 24 இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு, கடற்கோள் அனர்த்த வலயத்தைக் கடலிலிருந்து 2 கிலோமீற்றர் உட்பட்ட நிலப்பகுதியென வரையறுத்தது. அளவுகோலைக் கையிலெடுத்தால், தஞ்சமளித்த சம்மாந்துறை அவ்வலயத்துக்கு வெளியே. மிகக்கூடிய இழப்பைச் சந்தித்த சமூகங்களுள் ஒன்றான முஸ்லிம் சமூகம் அவ்வுடன்படிக்கையில் கைச்சாத்திடும் தரப்பாகவும் இருக்கவில்லை. 2005 ஜூலை 15 இல் உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை இடைநிறுத்தியதோடு அக்கட்டமைப்பு செயற்படாமலே போயிற்று. அதன் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வரைபடத்தில் இடப்படும் தூரக்கோடு எவர் பேசும் தகுதியுடையவர், எவர் அல்லர் என்பதையும் தீர்மானிக்கின்றது என்பதே நாம் ஈண்டு கொள்ளவேண்டிய கருத்து.

6. 200 மீற்றர்க் கோடு

கடற்கோளின் பின்னர் கடலோரத்தில் மீள வீடமைத்தலைத் தடுக்கும் வலயம் ஒன்றை அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கொழும்பில் விரிக்கப்பட்ட வரைபடத்தில் இக்கோடு மெல்லிய இழையாகத் தோன்றியிருக்கும். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் அவ்விழை தெருக்களையும் வளவுகளையும் சீதனமாய்ப் பெண்மக்களுக்கு எழுதிய வீடுகளையும் விழுங்கியது. மேற்கே மாற்றுநிலம் தேடினால் அது வயல். நிரப்பினாலன்றி வீடு கட்டலாகாது, நிரப்பினால் வெள்ளம் வடியும் வழி அடைபடும்.

கடலலையின் உயரமும் உட்புகுந்த தூரமும் இடத்துக்கிடம் வேறுபட்டன என்பதை நில அளவையாளரும் அறிவர், கரைவலைத் தொழிலாளரும் அறிவர். மணல்மேடு இருந்த இடம், ஆற்றுவாய் திறந்த இடம், மரச்செறிவு இருந்த இடம் என வேறுபாடுகள் பல. அவற்றை ஒரே எண்ணுக்குள் அடக்கியமை, இருந்த அறிவைப் பகிராமையின் விளைவே எனலாம். 2005 இன் இறுதிப் பகுதியில் இவ்வலயம் தளர்த்தப்பட்டு, கரையின் இயல்புக்கேற்ப வேறுபடும் தூரங்கள் ஏற்கப்பட்டன. ஆனால் அதற்கிடையில் ஓராண்டு கழிந்திருந்தது. எங்கு கட்டலாம் என அறியாது, தறப்பாள் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் மக்கள் கழித்த ஓராண்டு அது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகளின் கதை இதன் மறுபக்கம். வீடுகள் எழுந்தன, அவை யாருக்கு உரியன என்னும் வினா இன அடிப்படையிலான பிணக்காகி உயர் நீதிமன்றம் வரை சென்றது, ஆண்டுகள் பல அவ்வீடுகள் குடிபுகுவாரின்றிப் பூட்டிக் கிடந்தன. காணியின் உரிமை, பயனாளிகள் தெரிவு ஆகியன பற்றிய தகவல் தொடக்கத்திலேயே எல்லாச் சமூகத்தார்க்கும் முன் திறந்து வைக்கப்படாதவிடத்து ஐயம் வளரும். ஐயம் வளர்ந்தபின் உண்மைத் தகவலும் நம்பப்படாது.

7. ஊரிலுள்ள ஏடுகள்

இதுவரை நிறுவனங்களின் ஏடுகளை நோக்கினோம். ஊரில் ஏடுகள் இல்லையா? உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம், தமிழ் மக்களிடையே தாய்வழிக் குடிமுறை நிலவிவந்துள்ளது. பள்ளிவாசல்களில் குடிக்கொரு மரைக்காயரும், கோயில்களில் குடிவழி வண்ணக்கர்மாரும் என இரு சமூகங்களிலும் ஒத்த அமைப்புகளைக் காணலாம். எந்தக் குடும்பம் எங்கு வாழ்கின்றது, எவ்வீட்டில் முதியோர் உளர், எவ்வீட்டில் உழைப்பார் இல்லை என்பதை மரைக்காயர் அறிவார். ஸகாத் பங்கீட்டுக்கும் கந்தூரிக்கும் கோயிற் திருவிழாவுக்கும் பயன்பட்ட இவ்வறிவு அனர்த்த காலத்தில் மிக விரைவான குடிசன மதிப்பாக அமையவல்லது. அவ்வாறே, வட்டை விதானைமார் எந்த வாய்க்கால் முதலில் உடைக்கும், எந்தத் தாம்போதியின் மேல் எவ்வளவு மழைக்கு நீர் பாயும் என்பதை வரைபடம் இன்றியே அறிவர்.

இவ்வறிவைப் புனிதப்படுத்துவது நம் நோக்கமன்று. குடிமுறைப் பட்டியலில் பெண்களின் குரலும், ஏழைகளின் குரலும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியோரின் பெயரும் அருகியே ஒலிக்கும். ஊர்த் தலைமையும் ஓர் அதிகாரமே. ஆயினும் இதனை அறவே புறக்கணித்துத் தொடக்கத்திலிருந்து புதிதாய்க் கணக்கெடுப்பது விரயம். உலக நிறுவனங்கள் தாமே கூட்டாக அமைத்த கடற்கோள் உதவி மதிப்பீட்டுக் குழுவினர் 2006 இல் வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய முடிவையே அடைந்தது. பொருள் வழங்குவதைக் காட்டிலும், பாதிக்கப்பட்ட மக்கள் தாமே மேற்கொள்ளும் மீட்பு முயற்சிக்குத் துணைநிற்பதே சர்வதேச நிறுவனங்களின் தலையாய பணியாதல் வேண்டும் என அது கூறியது.

ஊரறிவையும் வரைபடக் கலையையும் இணைக்கலாம் என்பதற்கு அயலிலேயே உதாரணம் உண்டு. 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது, செய்மதிப் படங்களைக் கொண்டு உலகெங்குமுள்ள தொண்டர்கள் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களுள் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்' என்னும் பொது வரைபடத்தில் வரைந்தனர். எவரும் திருத்தவும் எவரும் எடுத்தாளவும் கூடிய வரைபடம் அது. இம்முறையைப் பின்பற்றி, 2012 இன் இறுதியில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உலக வங்கியின் துணையோடு மட்டக்களப்பின் மண்முனை வடக்கில் கட்டடங்களையும் வீதிகளையும் வரையும் பணியைத் தொடங்கியது. 30,000 க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் இடம்பெற்றன. செய்மதி கூரையைக் காட்டும். அக்கூரை பாடசாலையா, நெற்களஞ்சியமா, விதவை ஒருவர் வாழும் வீடா என்பதை அருகில் வாழ்பவரே கூறமுடியும்.

8. மாவடிப்பள்ளி

2024 நவம்பர் 26 இல் கிழக்கில் பெருமழை. வயல்வெளிகள் கடலாயின. நிந்தவூரிலுள்ள மதரஸாவிலிருந்து சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிய சிறுவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலுள்ள மாவடிப்பள்ளித் தாழ்நிலத்தைக் கடக்கும்போது வெள்ளம் வண்டியைப் புரட்டியது. மாணவர்களும் உடன்சென்றோரும் உயிரிழந்தனர். கடற்கோள் நிகழ்ந்து 20 ஆண்டுகள் நிறைவதற்கு ஒரு மாதம் இருந்தது. 2004 இல் கரையோர மக்கள் உயிர்தப்ப ஓடிவந்த வழிகளுள் அதுவும் ஒன்று.

இத்துயரில் எவரையும் குற்றஞ்சாட்ட நாம் முற்படவில்லை. அது நீதிமன்றத்தின் பணி. தகவல் பகிர்வு என்னும் நோக்கில் ஒரு வினாவை மாத்திரம் எழுப்புகின்றோம். எவ்வளவு மழை பெய்யும் என்பதை வளிமண்டலவியல் திணைக்களம் கணிக்கின்றது. குளங்களின் நீர்மட்டம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஏட்டில் உள்ளது. வீதியின் தாழ்வு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படத்தில் உள்ளது. பாடசாலைகளும் மதரஸாக்களும் எந்நேரம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகின்றன என்பது அவற்றின் பொறுப்பாளர்க்குத் தெரியும். வயலின் போக்கு வட்டை விதானைக்குத் தெரியும். இவ்வைந்து அறிவுகளும் ஓரிடத்திற் கூடி, 'இன்று பிற்பகல் இவ்வழி செல்லற்க' என்னும் ஒரு வாக்கியமாகத் தமிழில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் பிள்ளைகள் புறப்படுமுன் ஒலிப்பதற்கு எத்தகைய ஏற்பாடு வேண்டும்? பகிர்வு என்பதன் முழுப்பொருள் இவ்வினாவினுள் அடங்கியுள்ளது.

9. பகிரத் தகாதன

யாவற்றையும் யாவரோடும் பகிர்தல் நன்று என நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. பாதையும் பாலமும் கிணறும் நீர்மட்டமும் பொதுச் சொத்து. அவற்றை மறைத்தல் குற்றம். ஆனால் ஆண்துணையற்ற பெண்களின் பெயர்ப்பட்டியல், பெற்றோரை இழந்த சிறுவரின் முகவரி, நோயாளரின் விபரம் என்பன வேறு. போர் நடைபெற்ற மண்ணில், எவர் எங்கு தங்கியுள்ளார் என்னும் பட்டியல் தவறான கைக்குச் சென்றால் அது உயிருக்கே உலையாகும். எனவே இடத்தைப் பற்றிய தகவல் திறந்ததாகவும் ஆளைப் பற்றிய தகவல் காக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நிகழ்வதைக் காண்கின்றோம். பயனாளிகளின் பெயர்கள் சுவரில் ஒட்டப்படுகின்றன. வெள்ளம் பரவும் எல்லைகளின் படங்கள் அலுமாரியிற் பூட்டப்படுகின்றன.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். ஒன்று, அனர்த்தத்துக்கு முன்னரே இடங்களின் பெயரும் எண்ணும் எல்லையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒருமைப்படுத்தப்பட்டு எல்லாத் திணைக்களங்களுக்கும் பொதுவாதல் வேண்டும்; அலை வந்தபின் அதனைச் செய்ய நேரமில்லை. இரண்டு, அழிவுக்குள்ளான ஊரோடு தஞ்சமளிக்கும் ஊரையும் வரைபடம் காட்டவேண்டும். சம்மாந்துறை போன்ற ஊர்கள் வெற்றிடமாக விடப்படலாகாது. மூன்று, பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் அவ்வூரின் வரைபடம் தமிழில் தொங்கவேண்டும். அதில் பிழை கண்டால் திருத்தும் உரிமை ஊரவர்க்கு வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. 2025 நவம்பரில் டித்வாப் புயல் நாட்டைத் தாக்கி 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பின்னர், அனர்த்தம் கரையோரத்துக்கு மட்டும் உரியதென எவரும் கூறார். பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் கடமையுண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்திருப்பது சம்மாந்துறையிலேயே. ஒரு மாரிகாலத்துக்கு முன்னர், மாணவர் சிலர் மரைக்காயரோடும் வண்ணக்கரோடும் வட்டை விதானையோடும் வயல்வரம்பில் நடந்து, நீர் பாயும் இடங்களைக் குறித்து, மாவடிப்பள்ளி உள்ளிட்ட ஒரு வரைபடத்தை ஊருக்கு வழங்குவார்களாயின், அது நூலகத்தில் உறங்கும் பல ஆய்வேடுகளிலும் மேலான ஆய்வாக அமையும்.